ராகுகாலத்துக்கு முன் புறப்பட்ட பெட்டி

போன கிழமை இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆள் என் மனைவி வசந்தி. நான் எழுதாததற்குக் காரணமே அவள்தான் என்பதால் அந்தக் கேள்வியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எழுத விஷயம் இருந்தது. அனுமதிதான் இருக்கவில்லை. அது முந்தாநாள் கிடைத்தது... அதுவும் நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒரு ஆளிடமிருந்து.

விஷயம் இதுதான். தை மாதக் கடைசியில் மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனோம். வசந்தியின் அக்கா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இங்கே ரோவில்லில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. பொம்பிளை சிட்னி ஹோம்புஷ். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். கூறைச் சேலையும் தாலிக்கொடியும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையும், அவருடைய தாயாகிய என் மச்சாளும், அவள் கணவரும் புதன்கிழமையே விமானத்தில் போய்விட்டார்கள். கூறையும் தாலியும் போகவில்லை. ஏன்? ஒருமுறை மச்சாள் ஒரு நகரத்தில் இறங்க, அவளுடைய சூட்கேஸ் வேறு நகரத்தில் இறங்கி மூன்று நாள் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அப்படியானால் தாலியைக் கைப்பையில் கொண்டு போகலாமே என்று நான் கேட்டேன். தாலியை எக்ஸ்ரே மெஷினுக்குள் விடுவதா, கண்டவனும் திறந்து பார்ப்பதா என்று மச்சாள் பதிலுக்குக் கேட்டாள். ஆகவே உலகத்திலேயே பாதுகாப்பான வழி என்று அவள் தேர்ந்தெடுத்தது என்னுடைய கார்.

சிவப்பு நிறத்தில் ஒரு சின்னச் சூட்கேஸ். உள்ளே கூறை, தாலிக்கொடி, மஞ்சள், குங்குமம். மச்சாள் தன் கையாலேயே அடுக்கிப் பூட்டி, மேலே வழக்கம்போலத் தன் பெயரையும் சிட்னியில் தங்கப்போகும் வீட்டின் போன் நம்பரையும் எழுதி ஒட்டினாள். அவள் சாப்பாட்டுப் பெட்டியிலும் பெயர் ஒட்டுகிற ஆள். பிறகு அதை வசந்தியிடம் கொடுத்தாள்.

கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்கு வயது முப்பது. மச்சாளின் கல்யாணத்தன்று, பூமாலையை வாங்கிக்கொண்டு வரப்போன பதின்மூன்று வயது வசந்தி, மாலையை பஸ்ஸில் விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கி வந்தவள். இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல நாளிலும் ஒருமுறையாவது சொல்லப்படும். எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தியும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டும். எனக்குப் பத்து மணிவரை வேலை. பதினொரு மணிக்கு வெளிக்கிட்டால் இடையில் நின்று சாப்பிட்டு, தேநீர் குடித்து, நித்திரைக்குச் சிட்னி சேரலாம். நல்ல திட்டம். ஒரேயொரு ஆட்சேபம் ராகுவிடமிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. ஆனால் இங்கே கோடைகாலத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைக்கிறதே... ராகு எந்த மணிக்கூட்டைப் பார்க்கிறார்? பழைய நேரமா, புது நேரமா? மெல்பேர்னில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சியிலும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு முன் நான் இதே பக்கத்தில் இதைக் கேலி செய்து எழுத, எனக்கு ஏழரைச் சனி என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். மச்சாள் அன்றோடு என் பத்தியை வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

வசந்தி எந்த வம்புக்கும் போகவில்லை. இரண்டு ராகுகாலத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். பத்தரை முதல் ஒரு மணிவரை யாரும் அசையக் கூடாது.

ஒரு மணிக்குப் பிறகு புறப்பட்டால் கடைசி இருநூற்றைம்பது கிலோமீட்டரும் இருட்டில். இருட்டில் கங்காரு குறுக்கே பாயும். கங்காரு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. வாக்குவாதம் முற்றியபோது சிட்னியிலிருந்து மச்சாள் போனில் தீர்ப்புச் சொன்னாள். நல்ல நேரத்தில் ஒரு பெட்டியை வீட்டுக்கு வெளியே அனுப்பி, வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு ஆட்கள் எப்போது புறப்பட்டாலும் தோஷம் இல்லை. ஒரே நிபந்தனை... வெளியே போன பெட்டி மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது.

காரை நான் காலையிலேயே வேலைக்குக் கொண்டு போய்விட்டேன். ஆகவே எட்டு மணிக்கு, நல்ல நேரத்தில், சிவப்புப் பெட்டி எதிர்வீட்டு மரியாவிடம் போனது. மரியா கிரேக்கப் பெண். கணவர் காலமாகி, லொறி ஓட்டும் மகன் நிக்குடன் இருக்கிறாள். கல்யாணத் தாலி, நல்ல நேரம் என்று வசந்தி விளக்கியதும் மரியா சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாளாம். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். இங்கே படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு விளங்காதது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

ஒன்பதரைக்கு வசந்தி என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வரும் வழியில் மரியா வீட்டில் நின்று, பெட்டியை எடுத்து நேரே காரில் வைக்கும்படி சொன்னாள். நான் கம்பியூட்டரைப் பார்த்தபடி, "ஓம், ஓம்" என்றேன்.

கல்யாணமான ஆண்களுக்கு இந்த "ஓம், ஓம்" பற்றித் தெரியும். அது ஒரு பதில் அல்ல. போனை வைக்கச் சொல்லும் மரியாதையான முறை.

வீட்டுக்கு வந்தேன். மற்றப் பெட்டிகளையும் சாப்பாட்டுக் கூடையையும் காரின் பின்னால் அடுக்கினேன். பதினொன்று பத்துக்குப் புறப்பட்டோம் — நான், வசந்தி, காதில் பாட்டுக் கருவியோடு பின் சீட்டில் எங்கள் பதினைந்து வயது மகள் மீரா. கார் தெருவில் இறங்கியதுதான் தாமதம், மரியா வாசலுக்கு ஓடி வந்து ஏதோ கத்தினாள்.

வசந்தி என் கையைப் பிடித்தாள். "திரும்பாதேங்கோ. வெளிக்கிட்டாப் பிறகு பின்னாலை கூப்பிட்டா நிக்கக் கூடாது."

நின்றால் என்ன ஆகும்? மறுபடி வீட்டுக்குள் போய், இருந்து, தண்ணீர் குடித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நேரமில்லை. ஆகவே சகுனத்தைக் கேலி செய்து பத்தி எழுதும் நான், சகுனத்துக்குப் பணிந்து காரை நிறுத்தாமல் விட்டேன். ஆனாலும் மரியாதைக்குக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினேன். மரியா இன்னும் பலமாகக் கத்தினாள். "பாசமான மனுசி" என்றாள் வசந்தி.

ஹியூம் நெடுஞ்சாலையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் என் தம்பி டொரோண்டோவிலிருந்து மொன்றியலுக்குக் கார் ஓட்டினால் எனக்கு ஒரு கட்டுப் படம் அனுப்புவான். சிவப்பு இலை, மஞ்சள் இலை, ஆறு, பாலம். நான் அவனுக்கு இதுவரை ஒரு படமும் அனுப்பவில்லை. என்னத்தை அனுப்ப? காய்ந்த புல். புல்லுக்கு நடுவே ஒரு யூக்கலிப்டஸ் மரம். மரத்துக்குக் கீழே நிழலுக்காக இடிபடும் ஆடுகள். ஒரு மணித்தியாலம் நூற்றிப்பத்தில் ஓட்டிய பிறகு பார்த்தால்... அதே புல், அதே மரம், அதே ஆடுகள். இந்த நாட்டில் கார் முன்னே போவதற்கு ஒரே சாட்சி பெற்றோல் முள்.

இடையில் ஹோல்புரூக் என்று ஒரு ஊர். கடலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் அங்கே ஒரு நீர்மூழ்கிக் கப்பலைப் புல்லில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். சேர வேண்டிய இடத்தில் சேராத சாமானைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அன்று என்ன தகுதி இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஐந்தேகாலுக்குக் கண்டகாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். அங்கே தெருவோரம் ஒரு நாய்ச் சிலை இருக்கிறது. எஜமான் வரும்வரை அவருடைய சாப்பாட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து காவல் காத்த நாயாம். சிட்னி போகும் தமிழர்கள் எல்லோரும் அந்த நாய்க்கு முன்னால் பிளாஸ்கைத் திறந்து, ரோல்ஸ் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நாங்களும் கூடையைத் திறந்தோம்.

வசந்தி நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாயையல்ல, அது உட்கார்ந்திருந்த பெட்டியை.

"இஞ்சருங்கோ... சிவப்புப் பெட்டியை எந்தப் பக்கம் வைச்சனீங்கள்?"

என் கையிலிருந்த ரோல்ஸை நான் மெதுவாகக் கீழே வைத்தேன். காரின் பின்கதவைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்து, மறுபடி வெளியே எடுத்தேன். இல்லாத பெட்டியைத் தேடுவதில் மனிதனுக்கு எவ்வளவு உற்சாகம்!

மீரா காதிலிருந்ததைக் கழற்றினாள். "த ரெட் வன்? மரியா அன்ரி வாஸ் ஹோல்டிங் இட். அதுக்குத்தான் கத்தினவ."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா செட் டோன்ட் லுக் பேக்" என்றாள். கீழ்ப்படிவுள்ள பிள்ளை வேண்டும் என்று பதினைந்து வருடம் கும்பிட்டிருக்கிறோம். அன்றைக்கென்று பார்த்து அது பலித்திருந்தது.

வசந்தி கத்தவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நாய்க்குப் பக்கத்து மர வாங்கில் போய் இருந்துகொண்டாள்.

"அக்கா முப்பது வருசத்துக்குப் பிறகு முதல்தரம் என்னட்டை ஒண்டை நம்பித் தந்தவ" என்றாள்.

எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. மறந்தது நான். ஆனால் இனி வரும் எல்லா நல்ல நாளிலும் சொல்லப்படப் போகும் கதை அவளுடையது. மாலையை விட்டவள், தாலியையும் விட்டாள் என்று... நான் அந்த வீட்டு மருமகன், என்னை யார் கேட்கப் போகிறார்கள்?

கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. கடையிலிருந்த காசுப் போனில் மரியாவைக் கூப்பிட்டேன். அவள் எங்களைத் திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பெட்டி நிக்கின் லொறியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். டாக்கட்டாவுக்குத் திரும்பிப் போய் நிற்கும்படியும், ஏழு, ஏழேகாலுக்கு அவன் அங்கே வருவான் என்றும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். ஏதோ இன்னும் சொல்ல வாயெடுத்து நிறுத்தியதுபோல எனக்குப் பட்டது. பதற்றத்தில் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

டாக்கட்டா என்பது நாங்கள் முக்கால் மணித்தியாலத்துக்கு முன் கடந்து வந்த சின்ன ஊர். மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் ஏறக்குறைய நடு. லொறிக்காரருக்கு அது ஒரு சந்தை. மெல்பேர்னிலிருந்து வருகிறவன் தன் பின்பெட்டியை அங்கே கழற்றிச் சிட்னிக்காரனிடம் கொடுப்பான். சிட்னிக்காரன் கொண்டுவந்ததை இவன் கொழுவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவான். சாமான் சிட்னி போகும், ஓட்டுகிறவன் தன் கட்டிலில் படுப்பான். நிக் மெல்பேர்னின் மேற்கே ட்ருகனினாவில் உள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து நாள் தவறாமல் இப்படித்தான் வந்து போகிறான். எதிர்வீட்டில் எட்டு வருடம் இருந்தும் எனக்கு இது தெரியாது. அவன் ஏன் வேலை நாளில் காலையில் புல் வெட்டுகிறான் என்று மட்டும் ஒருமுறை வசந்தியிடம் குறைபட்டிருக்கிறேன்.

ஆறு மணியிலிருந்து நின்றோம். நெடுஞ்சாலையில் என்னை முந்தும் ஒவ்வொரு லொறியையும் இருபது வருடமாகச் சபித்து வந்தவன் நான். அன்று ஒவ்வொரு லொறியும் வரும்போது எழுந்து நின்றேன். வசந்தி காரிலிருந்து இறங்கவே இல்லை.

ஏழு இருபதுக்கு நிக்கின் லொறி உள்ளே திரும்பியது. குளிரூட்டிய லொறி. உள்ளே முழுக்க சொசேஜ். கல்யாணம் முடியும்வரை மச்சம் மாமிசம் வாயில் வைக்காத என் மச்சாள் வீட்டுத் தாலி அதில்தான் வந்தது. ஆனால் பின்னால் அல்ல. முன் சீட்டில், பெல்ட் போட்டு, தனி ஆளாக உட்கார்ந்து வந்தது. கைபிடியில் மரியா ஒரு நீலக் கண்மணியைக் கட்டிவிட்டிருந்தாள். கிரேக்கருக்கும் நாவூறு, கண்ணேறு எல்லாம் உண்டாம்.

வசந்தி ஓடிவந்து பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். நிக் என்ன செய்வதென்று தெரியாமல் டயரைப் பார்த்தான். நாங்கள் வராவிட்டால் பெட்டியைச் சிட்னிக்காரனிடம் கொடுத்து அனுப்ப இருந்ததாகச் சொன்னான். யாரிடம் போய்ச் சேர அனுப்பியிருப்பான் என்று நான் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட்டாய்?"

வழக்கமாகப் பன்னிரண்டுக்குப் புறப்படுகிறவனாம். அன்று தாய் வாசலில் மறித்து நின்று ஒன்று பத்துக்குத்தான் விட்டாளாம். ஏனென்று தன்னைக் கேட்க வேண்டாம் என்றான்.

ஒன்று பத்து. பழைய ராகுவும் போய், புது ராகுவும் போய்ப் பத்து நிமிடம். என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்தது. நான் கேட்டது அவன் வந்த வேகத்தைக் கணக்குப் பார்க்கத்தான். நம்புங்கள்.

சிட்னி போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் படுத்துவிட்டார்கள். காலையில் மச்சாள் பெட்டியைத் திறந்தாள். நீலக் கண்மணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். வசந்தியின் முகம் வெளுத்தது. மச்சாள் ஒன்றும் கேட்காமல் அதை அவிழ்த்துக் கூறையின் மேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மணவறையில் கூறைத் தட்டின் ஓரத்தில் அது பளபளத்துக்கொண்டிருந்தது.

தாலி கட்டி முடிந்து சாப்பாட்டு நேரம். யாரோ ஒரு பெரியவர் வழக்கம்போல பஸ்ஸில் போன மாலையின் கதையை எடுத்தார். மச்சாள் இடைமறித்தாள். "அது பழங்கதை. என்ரை பிள்ளையின்ரை கூறையும் தாலியும் வசந்திதான் பத்திரமாக் கொண்டு வந்தவள்" என்றாள். சம்பந்தி வீட்டார் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

வசந்தி சிரிக்கவில்லை. தலை குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவளுக்குச் சரியாக நித்திரை இல்லை. கிடைக்காத பாராட்டு குத்துவதைவிட, தகுதியில்லாமல் கிடைத்தது அதிகம் குத்துமாம். இதை எழுதினால் வீட்டில் சோறு இல்லை என்று எனக்குச் சொல்லிவிட்டாள். போன கிழமை நான் காணாமல் போனது அப்படித்தான்.

முந்தாநாள் மச்சாள் வீட்டுக்கு வந்தாள். கையில் கல்யாணப் பலகாரம் இரண்டு பெட்டி. ஒன்று எங்களுக்கு. மற்றதில் வழக்கம்போலப் பெயர் ஒட்டியிருந்தது. மரியா.

வசந்தியால் அதற்கு மேல் முடியவில்லை. "அக்கா, உனக்கு ஒண்டு சொல்ல வேணும்..." என்று தொடங்கினாள்.

"சொல்லாதை. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்" என்றாள் மச்சாள்.

எங்கள் கார் மூலை திரும்பிய கையோடு, மரியா பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறாள். இருவரின் ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு முழு வசனம் தேறாது. ஆனால் பத்து நிமிடத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். நிக் டாக்கட்டாவில் சிட்னிக்காரனிடம் கொடுப்பது, மச்சாளின் கணவர் விடியவே போய் வாங்கி வருவது, எங்களுக்கு ஒருவரும் மூச்சு விடாமல் இருப்பது... நானே போன் செய்து பதறியதால்தான் மரியா டாக்கட்டாவைச் சொன்னாளாம். நாங்கள் திரும்பி ஓடியது ஒரு தேவையும் இல்லாத ஓட்டம்.

ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சிக்னல் கிடைத்தாலும் சொல்லியிருக்க மாட்டாளாம். நான் பதறிப்போய் காரைத் திருப்புவேனாம், றோட்டில் பதறக் கூடாதாம். பிறகு வசந்தியைப் பார்த்தாள்.

"நீ வந்து 'அக்கா, விட்டிட்டு வந்திட்டன்' எண்டு அழ முதல் பெட்டி என்ரை அறையிலை இருந்திருக்கும். ஒரு மாலைக்காக உன்னைக் குத்தினது காணும் எண்டு நினைச்சன்."

அக்காவும் தங்கையும் அழுதார்கள். நான் தேநீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்றபோது ஒன்று பொறி தட்டியது. தேநீரைக் கொடுக்கும்போது கேட்டேன். நிக்கை ஒன்று பத்துவரை மறித்து வைக்கச் சொன்னது யார்?

"வேறை ஆர்?" என்றாள் மச்சாள்.

அப்படியானால் ராகு பழைய மணிக்கூட்டைப் பார்க்கிறாரா, புது மணிக்கூட்டையா? அது தனக்கு எப்படித் தெரியும், தெரியாதபடியால்தானே ஒன்று பத்துவரை மறிக்கச் சொன்னது என்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நீங்கள் இதை எழுதலாம். எப்பிடியும் மறந்தது நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும். அதையும் எழுதுங்கோ" என்றாள்.

எழுதிவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. இந்தப் பத்தியைப் பதினொரு மணிக்கே முடித்தாயிற்று. பத்திரிகை ஆசிரியர் இரண்டு தரம் போன் செய்துவிட்டார்... ஒன்று பத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.